சுவரெல்லாம் தம்பி

தேர்தல் தேதி அறிவித்த அன்றுதான் தம்பி வெளிநாடு கிளம்பினான். ஊரிலேயே அரசு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்து அலுத்தவன். வாசலில் அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததை அக்கா படமெடுத்தாள்.

போஸ்டர் வடிவமைப்பது அவள் தொழில். அன்று மாலையே ஆளுங்கட்சிக்காரர் வந்து நின்றார்.

"'ஊரிலேயே வேலை தந்தோம், மீண்டும் வாய்ப்புத் தாருங்கள்'னு போடும்மா. சிரிச்ச மூஞ்சியா ஒண்ணு வை."

"வேலை கிடைச்சவங்க படம் குடுங்கண்ணே."

"அதுக்கு நான் எங்க போக? நீயே பாத்து வை."

அவசரத்துக்குத் தம்பியை வைத்தாள். மறுநாள் தெருவில் இறங்கியவள் திகைத்து நின்றாள். பார்த்த சுவரிலெல்லாம் தம்பி.

கட்சி ஜெயித்தது. வெகுநாள் கழித்து, வெளிநாட்டிலிருந்து தம்பியின் செய்தி வந்தது.

"அக்கா, அரசு வேலைக்கு ஏன் இன்னும் கூப்பிடலன்னு நம்மூர் ஆபீஸுக்கு இங்கருந்தே போன் போட்டுக் கேட்டேன். மனுல இருக்கிற போட்டோவைப் பாத்துட்டு, 'உனக்குத்தான் வேலை குடுத்தாச்சே, போஸ்டர்லயே பாத்தோமே'ங்கிறாங்க. எந்தப் போஸ்டர்க்கா?"