மூலை சுடும் என்று சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை அடையாறில் எங்கள் கம்ப்யூட்டர் மையத்துத் தொலைபேசி ஒலித்தது. இயந்திரத்தை இயக்கும் மஸ்தான் பாய் எடுத்தார். "மேடம், நம்ம டிரான்ஸ்பார்மர் சார் பூட்டாரு" என்றார். எனக்கு அழக்கூட வரவில்லை.

திரு. வேதாசலம் அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தியாகராய நகர்வாசி, மின்மாற்றித் தொழிற்சாலையில் பொறியாளர். மின்மாற்றியின் நடுவே இருக்கும் இரும்பு ஒரே கட்டி அல்ல. மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்வது. அது எங்கே எவ்வளவு சூடாகும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்க்க ஆறு வருடம் எங்களிடம் வந்தார். அவர் எழுதித் தரும் எண்களைக் கம்ப்யூட்டர் படிப்பதற்காக அட்டையில் துளையிடுவது என் வேலை.

முதல் நாளே சண்டை. "இது எழுத்தா சார், கோழி கிளறினதா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அடுத்த வாரம் ஒவ்வொரு எண்ணையும் கட்டத்துக்குள் அச்சுப்போல எழுதி வந்தார். "கோழி பள்ளிக்கூடம் போயிடுச்சும்மா" என்றார், சிரிக்காமல்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் கைதவறியது தெரிந்தால் கேட்காமலே திருத்திவிடுவேன். எத்தனையோ பேராசிரியர்கள் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

தொழிற்சாலையில் தகடுகள் சேரும் மூலை அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று தொழிலாளிகள் சொன்னார்கள். சாரின் கணக்கில் அப்படி வரவில்லை. மேலதிகாரிகள் கணக்கையே நம்பினார்கள். கணக்குப் போட்டவர் மட்டும் நம்பவில்லை. "கை வெச்சுப் பார்த்தவன் ஏம்மா பொய் சொல்லப்போறான்? என் கணக்குதான் எதையோ விட்டிருக்கு" என்றார். இரண்டு வருடம் உட்கார்ந்து கணக்கு முறையையே மாற்றி எழுதினார்.

எழுதி முடித்த கையோடு படுத்துவிட்டார். இந்த ஐப்பசியில், மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் மனைவி சாரதா அம்மாள் மழையில் நனைந்தபடி அவர் எண்கள் எழுதிய தாளைக் கொண்டுவந்தார். "இதுக்கு விடை பார்த்துட்டாப் போதும்னு சொல்றாரு. டாக்டர் நாள் சொல்ல மாட்டேங்கிறார்" என்றார்.

கட்டங்களைத் தாண்டி எழுத்து நடுங்கியிருந்தது. இரும்பின் காந்தத்தன்மைக்கு எப்போதும் ஒரு எண்தான் இருக்கும். இந்த முறை இரண்டு: முப்பதாயிரம், மூவாயிரம். பாவம், ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். நானே சேர்த்தேன். சரிபார்த்ததும் நானே.

"மழையில கார்டு ஊதிக்கினு கீது மேடம், மெஷின் துப்புது" என்று அலுத்துக்கொண்டே மஸ்தான் பாய் ஓட்டி முடித்தார். மறுநாள் விடைத்தாளுடன் ஓடினேன். சார் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மூலைக்கான எண்ணில் விரல் வைத்தார். மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது. வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"அப்போ மேலதிகாரிங்க சொன்னதுதான் சரி. உங்களைத்தான் வீணாப் படுத்திட்டேம்மா" என்றார். நான் என்னத்தைக் கண்டேன்? "அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்" என்று மட்டும் சொன்னேன். தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் அந்தத் தொலைபேசி வந்தது.

மறுவாரம் அட்டைகளை வாங்கிப்போக வந்த அவருடைய சக பொறியாளர் அட்டைகளில் உள்ள எண்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு எண்ணும் எப்படி ஒண்ணா இருக்கு?" என்று கேட்டார். எஃகுத் தகட்டை உருட்டிய திசையில் காந்தம் சுலபமாக ஓடுமாம். குறுக்கே திரும்பும்போது திணறுமாம். மூலையில் அது திரும்பியே ஆகவேண்டும், சூடு அதனால்தான். குறுக்குத் திசைக்கான அந்த மூவாயிரம்தான் சாரின் இரண்டு வருட உழைப்பு.

ஒரே ஒரு அட்டை. மறுபடி துளையிட்டு ஓட்டினோம். மூலை சுட்டது, தொழிலாளிகள் சொன்ன அளவுக்கு.

பத்தாம் நாள் புது விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சாரதா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கொண்டுவந்து காட்டினது பெரிய புண்ணியம். அந்தக் காகிதத்தைக் கடைசிவரை விடலை. அவர் நெஞ்சு மேலேயே வெச்சு அனுப்பிட்டோம்" என்றார். கொண்டுபோன தாளைக் காட்டாமலே திரும்பிவிட்டேன்.

சாரதா அம்மா, அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதிவிட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் விருப்பம்.

சார், போய் வாருங்கள். நீங்கள் போட்டது சரியான கணக்கு. உங்களோடு எரிந்தது என் தப்பு.