கொம்புப் பெயிண்ட்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருடமாகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால், ஏர் பிடிக்கவும் அப்பா விடவில்லை. செங்கல்பட்டு பஜாரில் காலி ஜாம் பாட்டில்கள் வாங்கி, பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசியது போக மிஞ்சிய பெயிண்டால் அவற்றின் மேல் கடற்கரைக் கோயிலை வரைந்தேன். மாமல்லபுரத்துச் சிப்பிக் கடைக்காரர் விற்றுப் பார்க்கச் சம்மதித்தார். இதை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கொம்பில் அந்தப் பெயிண்ட் மாதக்கணக்கில் நிற்கும். கண்ணாடியிலும் நிற்கும் என்று நம்பிவிட்டேன்.

முதல் நாள் நான் கடையில் நிற்கும்போதே, பட்டணத்து அம்மாள் ஒருத்தி ஆசையாக ஒரு பாட்டிலைத் தூக்கினாள். கோபுரம் அப்படியே உரிந்து அவளுடைய வியர்த்த உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"இன்னாபா இது, கோயிலு அம்மா கையோட வந்துக்கீது!" என்று கடைக்காரர் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தாள். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் வரைஞ்சிகீற நைனா. நிக்கலியே! எல்லாத்தியும் எத்துகினு போ."

பாட்டில்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். அப்பா வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாடா, வித்துச்சா?"

"இல்லப்பா. பெயிண்ட் உரிஞ்சிடுச்சி."

"போவட்டும் வுடு. படிச்ச புள்ளைக்கி இதெல்லாம் ஒரு வேலையா? சர்க்காரு உத்தியோகம் எங்க போய்டும்?"

அவர் அதை மனதார நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை; கூடையை இறக்கி, பாட்டில்களில் மிஞ்சிய பெயிண்டைச் சுரண்ட உட்கார்ந்தேன்.