வெயிலில் உளறியவளைக் குடிகாரி என்றேன்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், பாதி மறந்தும் போகுது. மன்னிச்சிக்குங்க.

போன சித்திரையில அரூர் பக்கம் ஒரு தகரக் கொட்டாயில நானும் என் நாத்தனா சின்னப்பாப்பாவும் புளி தட்டப் போனோம். ஒதுங்க மறைவு இல்லைன்னு நாங்க பொம்பளைங்க யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். மத்தியானம் அவ புளியை மடியில வாரிக்கிட்டு, செத்துப்போன புருசனைச் சோறு தின்னக் கூப்பிட்டா. எழுந்து தள்ளாடினா.

"காலையிலேயே ஊத்திக்கிட்டியாடி?"ன்னு நான்தான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

"அண்ணி, தலை எரியுது"ன்னா.

"போதை எறங்கினா சரியாயிடும், படு"ன்னு அந்தத் தகரத்துக்கடியிலேயே படுக்க வெச்சேன். வேலை முடிஞ்சு எழுப்பினா எழுந்திரிக்கல. உடம்பு அடுப்பாட்டம் கொதிச்சது, ஒரு சொட்டு வேர்வை இல்ல. ஆசுபத்திரிக்குப் போற வழியிலேயே செத்துட்டா.

இப்பெல்லாம் வெயில்ல யாராச்சும் உளறினா நிழலுக்கு இழுத்து, சேலையோட தண்ணி ஊத்தி விசிறுறேன், நூத்தியெட்டுக்குப் போன் போடச் சொல்றேன். ஒதுங்கறப்ப ஒருத்திக்கொருத்தி சேலையை மறைப்பாப் பிடிச்சுக்கிட்டு, எல்லாரும் தண்ணி குடிக்கிறோம்.

நான் சொன்ன முறை சரிதானான்னு ஒரு டாக்டரைக் கேட்டு உங்க பத்திரிகையில போடுங்க. ஊத்திக்கிட்டியான்னு கேட்டதை மட்டும் சரிபார்க்க வேணாம். அது எனக்கு மறக்கல.