தெருமுனையில் திரும்பிய சிவராமண்ணா

“டீச்சர், ஒரு தடவையாவது என்னைச் சும்மா போக விடப்படாதா?” என்று சிவராமண்ணா என்னிடம் கேட்டது இந்தக் கரமனைத் தெருவில்தான். போன செவ்வாய்க்கிழமை காலை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று பக்கத்து வீட்டு லலிதா வந்து சொன்னாள். உடனே என் காதில் கேட்டது அந்தக் கேள்விதான்.

வெளியே புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பார்கள். கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். நாங்களெல்லாம் காதில் விழாததுபோல் போய்விடுவோம். அண்ணா ஒருமுறைகூட அப்படிப் போனதில்லை. மலையாளம் பேசும் ஊருக்கு நடுவே எங்கள் தமிழ்த் தெருவோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வெளியே போக ஒரே முனை. வாசலுக்கு ஒரு வாய்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முடி வெட்டிக்கொள்ள ஒரு நாள் நான்கு முறை புறப்பட்டார். நான்காம் முறை முனைவரை போய்விட்டார். ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண், “மாமா, எங்கோட்டா?” என்றாள். திரும்பிவிட்டார்.

“அண்ணா, அவ மலையாளத்துலன்னா கேட்டா!” என்று சிரித்தேன்.

“பகவானுக்கு ரெண்டும் தெரியும், டீச்சர்.”

போன மழைக்காலத்தில், தென்காசியில் இருந்த அவர் தங்கைக்கு உடம்பு மிகவும் மோசம் என்று போன் வந்தது. மறுநாள் காலை பையோடு இறங்கினார். வாசலில் நின்ற நான், “காலங்கார்த்தால எங்கே பொறப்பட்டாச்சு?” என்று கேட்டுவிட்டேன். யோசித்துப் பேசு என்று பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் சொன்னவள்! அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். திரும்பினார், தண்ணீர் குடித்தார், புறப்பட்டார். இந்த முறை லலிதாவின் வீட்டுக்காரர் கேட்டார். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நான் வீடுவீடாகப் போய், ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று கெஞ்சினேன். நல்ல வகுப்பைப்போல் தெரு கீழ்ப்படிந்தது. அண்ணா நடந்தார். ஒரு சத்தமில்லை. பார்த்தவர்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். முனையில் நின்றார். திரும்பி விறுவிறுவென்று என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“என்ன டீச்சர், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையே? தென்காசிலேர்ந்து சேதி வந்துடுத்தா? எங்கிட்ட மறைக்கறேளா?”

“ஐயோ, இல்லை அண்ணா. நான்தான் கேக்கப்படாதுன்னு சொல்லிவெச்சேன்.”

பாதி வழியில் திரும்பியதும் தோஷம்தான் என்று உள்ளே போனார். தண்ணீர்ச் செம்பு கையில் இருக்கும்போதே போன் அடித்தது. தங்கை போய்விட்டாள்.

என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரியங்கள் முடிந்து வந்தபின் நான் அழுதபோது, “சாரமில்லை, போகட்டும் டீச்சர். கேட்டாலும் என்னால போக முடியாது, கேக்காட்டாலும் முடியாது. நான் இந்தத் தெருக்காரன்” என்றார். அதன்பின் அவர் பையை எடுத்து நான் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் தெரு வாய் திறக்கவில்லை. இந்த முறை அவர் முனையில் நிற்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். கேட்கவும் தெரிந்தது எங்களுக்கு, வாயை மூடவும் தெரிந்தது. நடுவில் இருந்த சுலபமான ஒன்று யாருக்கும் தோன்றவில்லை. நாளைக் காலை உங்கள் தெருவில் யாராவது பையோடு இறங்கினால், “போயிட்டு வாங்கோ” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.