அவள் லேப்டாப்பைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவியின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படப்பைக்கு ஷேர் ஆட்டோவில் போனபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று மூன்று முறை நினைத்தேன். வண்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. யாருடைய முழங்கையாவது இடித்துவிடுமோ என்று பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னா தம்பி, பைக்குள்ள பாம்பு கீம்பு வெச்சினுகீறியா?" என்று கேட்டார். வண்டியே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். என் மனைவி டிப்ளமோ படித்தவள். நாலு வருஷம் கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் நின்றே வேலை பார்த்து, கால் வீங்கி வெளியே வந்தாள். அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன கம்பெனி, வீட்டிலிருந்தே இயந்திர பாகங்களுக்கு டிராயிங் போடும் வேலையைக் கொடுத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் நிரந்தரம். சொந்த லேப்டாப் வேண்டும் என்று கேட்டார்கள். இருக்கிறது, எல்லா வேலைக்கும் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இருந்தது என்னவோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு மெல்லிசு லேப்டாப். இரண்டு விரலால் தூக்கிவிடலாம். தூக்குவதற்கு மட்டும்தான் அது சுகம். கம்பெனி சாஃப்ட்வேரைப் புதிதாக மாற்றியதிலிருந்து, ஒரு பாகத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னால் திரை வெளுத்துப்போய் நின்றுவிடும். இரண்டு முறை டிராயிங் தாமதமாகப் போனது. மூன்றாவது முறை ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டார்.

நான் ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பத்து வருஷமாக ரீவொர்க் பிரிவில் இருக்கிறேன். லைனில் தப்பாகப் பொருத்தப்பட்ட சிப்புகளை போர்டிலிருந்து சூடேற்றிக் கழற்றி, வேறு சிப் வைப்பதுதான் என் வேலை. வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் மிக்சி நின்றாலும் ரிமோட் கெட்டாலும் என்னிடம்தான் வரும். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. அவள் லேப்டாப் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், "ப்ராசசர்தான பிரச்சன? மாத்திட்டா போச்சு. நான் டெய்லி பண்றதுதான" என்று வாய் விட்டுவிட்டேன்.

அவள் உடனே நிமிர்ந்து பார்த்தாள். "மெய்யாலுமா மாமா? அப்ப நீயே பாத்துக்க."

அதோடு என் நிம்மதி போயிற்று. அவள் கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூட, கோபித்துக்கொண்டு பின்வாங்கியிருப்பேன். நம்பிவிட்டாளே. இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

பெரிய கம்ப்யூட்டரில் ப்ராசசரைக் கழற்றி மாட்டலாம். இந்த மெல்லிசு லேப்டாப்பில் அது போர்டோடு ஈயத்தால் ஒட்டிக்கிடக்கிறது. கழற்ற வேண்டுமென்றால் ஈயம் உருகும் அளவுக்கு போர்டைச் சூடாக்க வேண்டும். கம்பெனியில் அதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது. முந்தின நாளே போர்டை அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்குவோம். முடிந்ததும் எக்ஸ்ரேயில் பார்ப்போம். அப்படியும் சில போர்டுகள் செத்துப்போகும். செத்ததில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி சிவப்பு டப்பாவில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அந்த டப்பா இருக்கும் தைரியத்தில்தான் என் கை பத்து வருஷமாக நடுங்காமல் வேலை செய்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படப்பையில் ஒரு ரிப்பேர் கடை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். சின்னதாக ஒரு சூடேற்றும் மெஷின் வைத்திருந்தார். அதே மாடலில் திரை உடைந்த லேப்டாப் ஒன்றும் அவரிடம் கிடந்தது. அதில் இருந்தது இதைவிடப் பெரிய ப்ராசசர். அதைக் கழற்றித் தயார் செய்து வைப்பதாகச் சொன்னார். "மெசின் நம்மளது, கை ஒங்களது. கம்பெனிக் கையில்லா, பெறவென்ன பயம்?" என்றார். எல்லாரும் என் கையை நம்பினார்கள். எனக்குத்தான் அது யாரோ ஒருவருடைய கையாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா குழந்தைக்கு மணிமங்கலத்தில் காதுகுத்து. அவள் விடியற்காலையிலேயே கிளம்பினாள். செருப்பைப் போட்டுக்கொண்டே, "நாளைக்குப் பத்து மணிக்கு டிராயிங் அனுப்பணும். மறந்துடாத மாமா" என்றாள். பத்து மணிக்குள் லேப்டாப் ஓட வேண்டும் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

கடையில் ஃபேனுக்கு நேராக மேஜையைப் போட்டுக் கொடுத்தார். உடம்பின் கரண்ட் சிப்பில் பாயாமல் இருக்கக் கையில் பட்டை கட்டி, அதன் ஒயரை எர்த்தில் மாட்டினேன். பத்து ஸ்க்ரூவையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் அடுக்கினேன். அதுவரை விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. போர்டை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த முகம்தானே. சுற்றியிருந்த சிப்புகளுக்குச் சூடு தாங்கும் டேப்பை ஒட்டி, மெஷினில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். சூட்டைக் காட்டும் நம்பர் ஏற ஆரம்பித்தது. நாற்பது, ஐம்பது. லேசாகப் பாட்டுகூட முனகினேன் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் டீ கிளாசோடு வந்து பக்கத்தில் நின்றார். "ஏண்ணே, உள்ள கெடக்கதையெல்லாம் வேற எதுலயாவது ஏத்தி வச்சிட்டியள்லா?"

"எதுக்குள்ள இருக்கறது?" என்று கேட்டேன். நடிக்கவில்லை. எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

ப்ராசசருக்குப் பக்கத்தில் டேப்புக்கு அடியில் இருந்த ஒரு கறுப்புச் சிப்பை அவர் டெஸ்டரால் சுட்டிக்காட்டினார். "இந்த மாடல்ல தனியா டிஸ்க் கெடையாதுல்லா. ஃபைலு பூராம் இதுலதான கெடக்கு."

அந்தச் சிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை ஆயிரம் வைத்திருப்பேனோ, எத்தனை கழற்றியிருப்பேனோ. என் பெஞ்சுக்கு வந்த எல்லாமே காலிச் சிப். யாரும் விலைக்கு வாங்காத, யாரும் ஒரு எழுத்துகூடப் பதியாத போர்டுகள். ஒரு போர்டுக்குள் ஒருவருடைய மூன்று வார உழைப்பு இருக்கும் என்பது பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. தெருவில் லேப்டாப் வைத்திருக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எடுத்து வைத்துக்கொண்டாயா என்று அவளிடம் கேட்கக்கூட இல்லை. எல்லாம் தெரிந்த நான் பார்த்துக்கொள்வேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நம்பர் எண்பத்தேழைத் தாண்டிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. வெறும் கையால் போர்டைப் பிடித்து இழுத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுருக்கென்று பொசுங்கின. ரப்பர் பாயில் போட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

"ஆஃப் பண்ணிட்டுல்லா எடுக்கணும்! என்னண்ணே இப்பிடிப் பண்ணுதிய?" என்று கடைக்காரர் கத்தினார்.

அந்தச் சூடு எதையும் கொன்றிருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் சூட்டோடு இழுத்தபோது போர்டு வளைந்திருந்தால்? கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று விழுந்தால் போதும். இங்கே எக்ஸ்ரேயும் கிடையாது. ஆறட்டும் என்று அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அப்போது பார்த்து அவள் போன் செய்தாள். பின்னால் நாயனச் சத்தம்.

"முடிஞ்சிச்சா மாமா?"

"ஓடிக்கினு கீது."

"நாளைக்கி அனுப்பறது மொத்தமும் அதுலதான் கீது. தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும். நீ சாப்பிட்டியா?" என்றேன். கல்யாணமானதிலிருந்து அவளிடம் சொன்ன பொய்களில் இதைப்போல என்னை வாட்டியது வேறில்லை.

போர்டை மறுபடி மாட்டினேன். ஒரு ஸ்க்ரூ மேஜைக்கடியில் உருண்டு, அதைத் தேட ஐந்து நிமிஷம். எல்லாம் முடித்து பட்டனை அழுத்தினால் திரை இருட்டாகவே இருந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன். இருட்டு. மணிமங்கலத்திலிருந்து அவள் வீடு திரும்பும்போது நான் எந்த முகத்தோடு கதவைத் திறப்பேன் என்று யோசித்தேன். வேலை போனால் அவள் மறுபடி லைனுக்குத்தான் போக வேண்டும், அந்தக் காலை வைத்துக்கொண்டு.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "பேட்டரி ஒயரை மாட்டவே இல்லியேண்ணே."

மாட்டிய பிறகு வெளிச்சம் வந்தது. வழக்கம்போலவே ஆற அமர, நோகாமல் திறந்தது. அவளுடைய டிராயிங் ஒன்றைத் தட்டினேன். திரை வெளுத்துப்போய் நின்றது. பிறகு மெதுவாகப் படம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. சொல்வதற்கு வெட்கமில்லை.

கடைக்காரரின் பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றினோம். ஏறி முடிந்ததும் அவர் உற்சாகமாக, "இனி என்ன வந்தாலும் ஃபைலு பத்திரம். ப்ராசசரைப் போட்டிரலாமாண்ணே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். தப்பிக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. மாட்ட வேண்டிய சிப் தயாராக இருந்தது, மெஷினும் சூடாக இருந்தது. ஆனால் போர்டு செத்துப்போனால் நாளைக்கு அந்த ஃபைலைத் திறக்கவே அவளிடம் ஒன்றும் இருக்காது. அதைக்கூட விடுங்கள், என் விரல் இரண்டும் தந்தியடித்துக்கொண்டிருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பையில் வைத்தேன். அவர் என்னை வேறு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாக லேப்டாப்பைத் திறந்தாள். ஆமை வேகம் மாறவில்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். ஃபைலைப் பற்றி யோசிக்காததைச் சொன்னேன். போனில் சொன்ன பொய்யையும் சொன்னேன். கடைசியில், "எனக்கு பயமா கீதுமா. என்னால இத பண்ண முடியாது" என்றேன்.

அவள் திட்டவில்லை. என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, தண்ணீரில் வைக்கச் சொன்னாள். பிறகு, "சரி. அடுத்த வாரம் இன்னா பண்றது?" என்றாள், என்னிடம் கேட்பது போலவும் இல்லை. டிராயிங்கில் பாக்கி இருந்ததை முடிக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிஃப்ட். அதனால் திங்கட்கிழமை காலை வீட்டில்தான் இருந்தேன். ஒன்பது மணிக்கே அனுப்ப ஆரம்பித்தாள். நடுவில் லேப்டாப் இரண்டு முறை நின்றது. கடைசி ஃபைல் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபது. மூன்றாவது முறை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எழுந்து நின்றுகொண்டாள். அந்த ஆள் என்னவோ நேரில் நிற்பது மாதிரி.

"மறுபடியும் லேட். உங்க லேப்டாப் தாங்கும்னு எழுதிக் குடுத்தீங்கதான? ப்ராசசராவது மாத்தித் தொலைக்க வேண்டியதுதானம்மா?" என்றார் மேலதிகாரி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாத்த முடியாது சார்" என்றாள். "எங்க வூட்டுக்காரரு பத்து வருஷமா ரீவொர்க்ல கீறாரு சார். ஒரகடத்துல. ப்ராசசர் மாத்தறதுதான் அவரு வேலையே. நேத்து தொறந்து பாத்துட்டு அவரே பயந்துட்டாரு சார். அவரு பயந்தா அது முடியாதுன்னுதான் அர்த்தம்."

"ரீவொர்க்லயா இருக்காரு?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவர் பக்கத்தில் யாரிடமோ ஏதோ விசாரித்தார்.

"சரி. அப்ப அதைப் போட்டு நோண்ட வேணாம். இங்க பெரிய மானிட்டரோட ஒரு டெஸ்க்டாப் சும்மாதான் கெடக்குது. இன்னிக்கே வந்து எடுத்துக்குனு போங்க. இதை மொதல்லயே கேக்கறதுக்கு என்னம்மா?"

போனை வைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். கம்பெனியில் ஒரு போர்டு நல்லதா கெட்டதா என்பதை எக்ஸ்ரே மெஷின் சொல்லும். நான் சொல்வதை யாரும் கேட்டதில்லை. முந்தின நாள் முழுக்க நான் அவமானமாகச் சுமந்துகொண்டு திரிந்ததை அவள் எடுத்து அத்தாட்சி மாதிரி நீட்டிவிட்டாள். அதை ஒரு மனிதர் ஏற்றுக்கொண்டும் விட்டார்.

"பெரிய மானிட்டராம். கெளம்பு, நீதான் தூக்கணும்" என்று அவள் கூந்தலை முடிந்துகொண்டே சொன்னாள். "பயமா இருந்தா இப்பவே சொல்லிடு."

"பயமாத்தான் கீது" என்றேன்.

"இருக்கட்டும், வா" என்றாள்.