தண்ணீர் லாரிக்கு ஜெர்மனில் சொல் தெரியவில்லை

பதினொன்றாம் வகுப்பில் இரண்டாம் மொழியாக ஜெர்மன் எடுத்தேன். தமிழைவிட அதில் சுலபமாக மார்க் வரும் என்று பள்ளியில் சொன்னார்கள். ஹார்பரில் லோடு ஏற்றும் அப்பாவும் தலையாட்டிவிட்டார். ஒன்பது பேராகத் தொடங்கினோம்; பன்னிரண்டாம் வகுப்பில் நாலு பெண்கள்தான் மிஞ்சினோம். அந்த நாலு பேரையும் எங்கள் ஜெர்மன் மிஸ் பள்ளிக்கு வெளியே நடக்கும் ஜெர்மன் சான்றிதழ்த் தேர்வு ஒன்றுக்குச் சேர்த்துவிட்டார்.

அந்த வருஷத்தை நினைத்தால் தூக்கக் கலக்கம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஐந்து மணிக்கே தண்ணீர் லாரி வந்துவிடும். அம்மாவும் நானும் பத்துக் குடம் பிடித்து முடித்தபின், ராயபுரத்தில் ஏழரை மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். வழியில் ரயில்வே கேட். கூட்ஸ் வண்டி நின்றால் நின்றதுதான். சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டு டெர், டீ, டாஸ் என்று சொற்களைப் பால் பிரித்து முணுமுணுப்பேன். அந்த மொழியில் மேஜை ஆண், பூனை பெண், சிறுமி மட்டும் இரண்டும் இல்லை. எரிச்சல்கூட வராது. அதற்கும் தெம்பு வேண்டுமே.

நான் போய்ச் சேரும்போது பாதி வகுப்பு முடிந்திருக்கும். மிஸ் திட்ட மாட்டார். அவரும் தாம்பரத்திலிருந்து ரயில் மாறி வருகிறவர். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "ரெண்டு நிமிஷம் எல்லாரும் கண்ண மூடிக்கலாம், நானும்தான்" என்றார். மணி அடித்தபோதுதான் ஐந்து பேரும் விழித்தோம்.

வாய்மொழித் தேர்வுக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். காட்டில் நடப்பேன், தோழிகளோடு கேக் சாப்பிடுவேன் என்றெல்லாம். தேர்வாளர் அம்மாள் சரியாக அதையே கேட்டார். முதல் வாக்கியம் வந்தது. அடுத்தது வரவில்லை. கடைசியில், "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்று ஜெர்மனில் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்?"

சொன்னேன். இலக்கணம் கண்டபடி உடைந்தது. தண்ணீர் லாரிக்குச் சொல் தெரியாமல் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அது என்ன என்று கேட்டார். "பெரிய வண்டி. உள்ளே தண்ணீர். வெளியே நாங்கள். எல்லோரும் கத்துவோம்." அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷத்தில் அந்த மொழியில் நானாகப் பேசியது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னா கேட்டாங்க?" என்றாள்.

"நம்ம தண்ணி லாரியப் பத்தி."

"அத்த சொல்லவா ரெண்டு வருசம் படிச்ச?"

சீருடையோடு படுத்துத் தூங்கிவிட்டேன்.

மயிரிழையில் தேறினேன். பள்ளித் தேர்விலும் மார்க் ஒன்றும் கொட்டிவிடவில்லை. கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன், அங்கே ஜெர்மன் கிடையாது. சான்றிதழ் வந்த அன்று அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல உம்பேரு எங்கடி கீது?"

காட்டினேன்.