செவிலிமேட்டில் கட்டிய கப்பல்

நானும் என் கணவரும் செவிலிமேட்டில், பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அலுமினியப் பட்டறை வைத்திருக்கிறோம். தகடு வெட்டுவதும் வளைப்பதும் அவர் வேலை. வெல்டிங் என் வேலை. மாகறல் பக்கம் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போன கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பிலேயே நான் ஒருத்திதான் பெண். பிறகு டேங்கர் லாரிகளுக்குத் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே பழக்கமானவரையே கட்டிக்கொண்டு, இருவருமாக வெளியே வந்து சொந்தத் தொழில் தொடங்கினோம். ஜன்னல், கதவு, கடை முகப்பு, பால் வண்டித் தொட்டி என்று பிழைப்பு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அறுபதை ஒட்டிய ஒரு தம்பதி இறங்கினார்கள். அந்த அம்மா ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக உலகம் சுற்றியவர். பேசியதெல்லாம் அந்த அம்மாதான்.

"அலுமினியத்துல படகு கட்டுவீங்களாமா?"

"பார்க்குல மிதிச்சிக்கினு போவாங்களே, அதுவா மேடம்?" என்று கேட்டேன்.

"அதில்லமா. உள்ளயே சமைச்சு, சாப்பிட்டு, தூங்கி, கரையோரமாவே ஊர் ஊராப் போற மாதிரி. டிராலர் யாட்டுன்னு பேரு."

என் கணவர் சிரித்துவிட்டார். "டிராலர்னா மீன் பிடிக்கிற போட்டாச்சே மேடம்!"

"பேருதான்பா அப்படி. பார்க்க மீன்பிடிப் படகு மாதிரி உசரமான மூக்கும் அகலமான வயிறுமா இருக்கும். மெதுவாப் போவும். நாங்க சமணக் குடும்பம், முட்டைகூட வீட்டுக்குள்ள வராது. எங்க சொந்தக்காரங்க எல்லாம் இதே கேள்வியைக் கேட்டு என்னைப் பாடாப் படுத்திட்டாங்க."

"சாரும் நீங்களும் போவப் போறீங்களா?"

"நான் போறேன். இவரு வரமாட்டாராம்."

அவர் அதுவரை பட்டறையில் கிடந்த தகடுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயுசுக்கும் பார்க்க வேண்டிய தண்ணியைப் பார்த்தாச்சு. இனிமே எனக்குத் தரைதான்" என்றார்.

அந்த அம்மா சொன்ன கதை எனக்குப் பிடித்துப் போனது. கல்யாணமான புதிதிலிருந்தே கணவர் மாதக்கணக்கில் கடலில். இவர் வீட்டில் உலக வரைபடத்தை விரித்து, இன்று கப்பல் எங்கே இருக்கும் என்று விரலால் தேடுவார். குழந்தைகளோடு மெரினாவுக்குப் போனால் முழங்கால் நனையும்வரை நிற்பார். அவ்வளவுதான் அவர் கண்ட கடல். இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில். தன் முறை வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்.

படகுக்கான வரைபடங்களை வெளிநாட்டில் ஒருவரிடம் வாங்கி, தனக்கு ஏற்றபடி மாற்றச் சொல்லியிருந்தார். அவர் குள்ளம். அதனால் சுக்கான் சக்கரம் தாழ்வாக வேண்டும். முழங்கால் வலி இருப்பதால் படிகள் சின்னச் சின்னதாக வேண்டும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வழக்கம் அவர்களுக்கு. ஆகவே சாப்பாட்டு மேசை பெரிய ஜன்னலுக்கு அடியில், கடைசி வெளிச்சம் விழும் இடத்தில் இருக்க வேண்டும்.

அன்று நாங்கள் சரி என்று சொல்லவில்லை. அவர்கள் போனதும் என் கணவர், "இன்னாமா, ஜன்னல் ஒழுவுனா துணியை வெச்சி அடைக்கலாம். நடுக்கடல்ல ஒழுவுனா இன்னா பண்ணுவ?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு ஆசை வந்துவிட்டது. கப்பலுக்கென்று வரும் அலுமினியத் தகட்டில் மாதிரித் துண்டுகளை வெல்டிங் செய்தேன். கப்பல் சோதனை செய்பவர் ஒருவர் வந்து அவற்றை வளைத்துப் பார்த்தார். முதலில் செய்தவை விரிசல் விட்டன. மின்சாரத்தையும் கை வேகத்தையும் மாற்றி மாற்றிச் செய்ததில், பிறகு வந்தவை லாடம் போல வளைந்தும் விரிசல் விடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் ஒப்புக்கொண்டார். "செரி, கட்டிடலாம்."

படகைத் தலைகீழாகத்தான் கட்ட வேண்டும். விலா எலும்புகள் போன்ற சட்டங்களை வரிசையாகக் கவிழ்த்து நிறுத்தி, அவற்றின் மேல் தகடுகளைப் போர்த்த வேண்டும். சட்டங்கள் நின்றதும் பக்கத்துத் தெருவில் தறி போடும் தெலுங்குக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஊருக்கே சேர்த்துப் பாவு போட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். படகு என்றதும் நம்பவில்லை. மறுநாள் வீட்டோடு அழைத்து வந்து காட்டினார். அதற்குப் பிறகு வேடிக்கை பார்க்க ஆள் வராத நாளே இல்லை.

அலுமினியத்தில் ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டே போனால் சூட்டில் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். இங்கே ஒரு சாண், அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு சாண் என்று தாவித் தாவி ஒட்ட வேண்டும். காற்றும் ஆகாது. வெல்டிங் செய்யும் இடத்தை மூடிக் காக்கும் வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டால் உள்ளே பொத்தல் விழும். அதனால் கொட்டகையை நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிட்டு, வெந்துபோய் வேலை செய்தோம். சாயங்காலம் வெளியே வந்தால் செவிலிமேட்டு வெயில்கூடக் குளுமையாக இருக்கும்.

ஆடிக் காற்று ஒரு நாள் தார்ப்பாயைக் கிழித்தது. கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தோம். ஆனாலும் சோதனை நாளில் அது தெரிந்தது. வெல்டிங் போட்ட தையலின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். ஓட்டை இருந்தால் வெள்ளைச் சுண்ணாம்பில் கறுப்பாக ஊறும். எல்லா இடமும் வெள்ளையாக இருக்க, படகின் அடிப்பாகத்து நடுக்கோட்டுக்கு அருகில் பொட்டு வைத்தாற்போலச் சின்னதாக ஒரு கறை எழும்பியது. சோதனையைப் பார்க்க அந்த அம்மாவின் கணவரும் வந்திருந்தார். என்ஜினியர் குனிந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இங்கயே கண்ணுல பட்டுது. நல்லதாப் போச்சு" என்றார். "வெட்டி எடுத்துட்டு மறுபடி போடுங்க."

அந்த இடத்தை நீளமாக வெட்டி எடுத்து, துடைத்து, மறுபடியும் ஒட்டினோம். இந்த முறை சுண்ணாம்பு வெள்ளையாகவே காய்ந்தது. அன்றிலிருந்து அவர் தினமும் வர ஆரம்பித்தார். கடலே வேண்டாம் என்றவர், பின்னால் படகு நிமிர்ந்ததும் என்ஜின் அறைக்குள் முட்டி போட்டுக்கொண்டு, குழாய் ஒவ்வொன்றையும் தானே பொருத்தினார். அந்த அம்மா டப்பாவில் பொங்கலோ இட்லியோ கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சுக்கானே இல்லாத இடத்தில் நின்று சக்கரம் சுற்றுவதுபோல் கையை ஆட்டிப் பழகுவார்.

தை மாதம் இரண்டு கிரேன்கள் வந்து படகை நிமிர்த்தின. இவ்வளவு நாள் கவிழ்ந்து கிடந்தது அந்தரத்தில் மெல்லப் புரண்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அது வேறொரு படகு போலத் தெரிந்தது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று வரைபடத்தில் தெரியவில்லை.

மறுவருஷம் மாசி வருவதற்குள் உள்வேலை எல்லாம் முடிந்தது. புதுச்சேரியில் தண்ணீரில் இறக்குவதாக ஏற்பாடு. உயரம் குறைவதற்காக, படகின் மேலே உட்காரும் கூரை அறையை மட்டும் தனி லாரியில் ஏற்றினோம், அங்கே போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று. மீதிப் படகு நீளமான டிரெய்லரில் ஏறியது. தேர் வரும்போது தெருவில் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கும் மின்வாரிய ஆட்கள் இருவர் கழிகளோடு முன்னால் நடந்தார்கள். அவர்களுக்கு இது பழக்கமான வேலை. ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "எந்தக் கோயில் வாகனம்மா இது?" என்று கேட்டார்.

"வாகனம் இல்லப்பா. கப்பல்."

"கப்பலா! பாலாத்துல தண்ணி வரப்போவுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தறிக்காரர் வீட்டு அம்மா பூசணிக்காய் உடைத்தார். நான் மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டேன். மணல் மட்டும் ஓடும் பாலாற்றின் மேல், பாலத்தில் எங்கள் படகு ஊர்ந்து போனது. வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சேரும்வரை நாங்கள் பின்னாலேயே வேனில் போனோம். வழியெல்லாம் பிள்ளைகள் ஓடி வந்து கையசைத்தார்கள்.

கூரை அறையை ஒட்டி முடித்தபின், ஒரு காலை வேளையில் கிரேன் படகைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது. படகைத் தாங்கும் கிரேன் பட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால் யாராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நான்தான் போனேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு தரைப்பலகையைத் தூக்கி, அடியில் படுத்து, தையல் தையலாக உள்ளங்கையால் தடவினேன். தகட்டுக்கு அந்தப் பக்கம் கடல் சளப் சளப்பென்று அடிப்பது கேட்டது. கையில் ஈரமே இல்லை. அந்தப் பழைய கறை இருந்த இடத்தை இரண்டு முறை தடவினேன்.

மேலே வந்தபோது என்ஜினியர் துறையின் ஓரத்தில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"உள்ள எப்படிமா?"

"காஞ்சு கெடக்குது சார்."

அவர் அங்கேயே ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கடல் அலுத்துப்போய் அவர் மறுக்கவில்லை. கடல் என்ன செய்யும் என்று தெரிந்தவர், மனைவியை அதில் அனுப்பப் பயந்திருக்கிறார். அந்த அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவை நீங்க கெளம்பும்போதும்" என்றார். குற்றம் சொல்வதுபோல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இப்போ இன்னா செய்யறது நான்?" என்று அவர் கேட்டார்.

"கார்ல வாங்க. ஒவ்வொரு துறையிலயும் வந்து நில்லுங்க. நான் வந்து சேர்ந்துடுவேன்."

அப்படியே செய்தார். முதல் பயணம் கடலூர்வரை. அனுபவமுள்ள படகோட்டி ஒருவர் உடன் வந்தார். உடம்பை அறிந்த ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். படகின் உடம்பைத்தான் சொன்னார்கள். என் உடம்போ துறையைத் தாண்டியதும் கவிழ்ந்துவிட்டது. பின்புறக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். படகோட்டி எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கொடுத்து, "தூரத்துல கரையையே பாரும்மா, செரியாயிடும்" என்றார். சரியாகத்தான் ஆனது. அதன் பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். தென்னை மரங்கள் கோடு போலத் தெரிந்தன. அந்த அம்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார். வகுப்பில் கரும்பலகை முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது.

எதிரே வந்த மீன்பிடிப் படகிலிருந்து ஒருவர் கையைக் குவித்துக் கத்தினார். "இன்னா மீன் பட்டுச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா!" என்று அந்த அம்மா பதிலுக்குக் கத்தினார்.

அவர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். படகை அருகில் கொண்டு வந்து, பை நிறைய கானாங்கெளுத்தி மீனை எங்கள் தளத்தில் வீசிவிட்டு, கையசைத்துப் போய்விட்டார்கள். அந்த அம்மா இரண்டடி பின்னால் நகர்ந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஊர்க்காரங்க மட்டும் இதைப் பார்த்தா! எடுத்துக்கோமா, நீ எடுத்துக்கோ. சமையல்கட்டுப் பக்கம் மட்டும் கொண்டு வராதே."

கடலூர்த் துறையில் என்ஜினியர் கரையில் நின்றுகொண்டிருந்தார். அவரோடு காரில் வந்திருந்த என் கணவரும் பக்கத்தில். கயிற்றை வீசியதும் என்ஜினியர்தான் பிடித்துக் கட்டினார். கட்டிய வேகத்தைப் பார்த்தால் கை எதையும் மறக்கவில்லை. பிறகு படகில் ஏறி, நேரே என்ஜின் அறைக்குப் போய், சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வெயில் சாய்வதற்குள் மேசையில் எல்லோருமாகத் தயிர்சாதம் சாப்பிட்டோம். மீனைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்று வீட்டுக்குக் கொண்டு போய் வறுத்தோம். நன்றாக இருந்தது.

இப்போதும் அவர்கள் அப்படியேதான். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் அந்த அம்மா படகில் போகிறார், அவர் காரில் போகிறார். துறைக்குத் துறை சந்தித்துக்கொள்கிறார்கள். கரை தெரியும் சின்ன தூரத்துக்கு அவரும் எப்போதாவது ஏறுவதுண்டாம். பட்டறையில் ஜன்னலும் கதவும் முன்போலவே ஓடுகின்றன. ஏரியில் மக்களை ஏற்றிச் செல்லும் சின்னப் படகு ஒன்றும் இப்போது கொட்டகையில் கட்டுவதற்காகக் கவிழ்ந்து கிடக்கிறது. வேடிக்கை பார்க்க ஆட்களைக் கூட்டி வரும் பொறுப்பு இன்னும் தறிக்காரரிடம்தான்.

போன வாரம் நாகப்பட்டினத்திலிருந்து அந்த அம்மா போன் செய்தார். கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் அலை அடிக்கும்போதெல்லாம் தானே திறந்துகொள்கிறதாம். "ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போமா. காரைக்கால் வரைக்கும் கூடவே வந்துட்டு எறங்கிக்கலாம்" என்றார்.

என் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தாழ்ப்பாள் மாட்றது என் வேலையாச்சே" என்றார். சனிக்கிழமை பஸ்ஸில் இருவருமாகக் கிளம்புகிறோம். அவருக்காக எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.